உப்பு வைத்திருந்த ஜாடி

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சௌக்கியம்தான் என்று எனக்குத் தெரியும். உனக்கு உடம்பு சரியில்லாதபோதுதான் உன் கையெழுத்து நிதானமாக இருக்கும். போன கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு அரைப் பொழுது ஆயிற்று.

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் ஏழு வாடகை வீடு பார்த்தாயிற்று. இனிமேல் சுவரில் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம். வந்த அன்றே அவர் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். எதையும் மாட்டவில்லை. "இருக்கட்டும், நம்ம சுவரு, நம்ம ஆணி" என்கிறார். கம்பெனியில் நாள் முழுவதும் சீருடைக்குத் துணி வெட்டிவிட்டு வந்து, எல்லா ஜன்னலுக்கும் அவரே திரை தைத்துப் போட்டார். கட்டிங் மாஸ்டர் வீட்டுத் திரை ஒரு நூல் கோணக் கூடாதாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கூடத்தில் சுவரோடு சேர்ந்து நீளமாக ஒரு பலகை இருக்கிறது. காலியாகக் கிடக்கிறது. பின்தெரு பல் டாக்டர் வீட்டில் பழைய பீங்கான் ஜாடிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். மேல் பாதி காப்பிப் பொடி நிறம், கீழ்ப் பாதி பாலேட்டு நிறம். பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. உனக்குத் தொழிலே பழைய சாமான். உன் கடைக்கு வரும் நல்லதெல்லாம் யார் யார் வீட்டுக்கோ போகிறது. கூடப் பிறந்தவளுக்கு ஓர் ஓட்டை மூடிகூட வந்ததில்லை. எனக்கு ஐந்து ஜாடி வேண்டும். நாலு நடுத்தரம், ஒன்று பெரிசு. ஒவ்வொன்றும் யார் வீட்டில் இருந்தது, அதில் என்ன வைத்திருந்தார்கள் என்று மறக்காமல் எழுது. பல் டாக்டர் மனைவி ஜாடிக்கு ஒரு கதை சொன்னாள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்கவா?

என் நாத்தனார் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். அவரைத் தூக்கி வளர்த்த அக்கா இல்லையா, தினமும் வந்து அவர் இளைத்துவிட்டாரா என்று பார்த்துவிட்டுப் போவாள். ஜாடி என்றதும், "காசு குடுத்து அழுக்கு வாங்குவாங்களா யாராவது?" என்றாள்.

எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். டாக்டர் உப்பை அடியோடு நிறுத்திவிட்டார். எனக்கு உப்பில்லாமல் சமைத்து, அவர் தட்டில் தனியாகப் போட்டுக் கலந்து கொடுக்கிறேன். "உப்புப் போட்டுத்தானே சாப்பிடறேன்னு இனிமே உன்னை யாரும் கேக்க முடியாது" என்று கேலி வேறு.

உன் அன்புத் தங்கை

•

பிப்ரவரி 24

என் செல்ல வாலுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் தச்சரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நாற்காலிக் காலைச் சீவிக்கொண்டே, "ஆர்டரா, அதிகாரமா?" என்று கேட்டார். நாற்பது வயதானாலும் நீ மாறவில்லை.

பத்து நாளாக உன் ஜாடிக்காகத்தான் அலைகிறேன். நினைப்பதுபோல் சுலபமில்லை. நம்மூர்ச் சந்தையில் பாதி ஜாடி புதுசு. டீத்தூள் தண்ணீரில் ஊறப் போட்டு, ஷூ பாலிஷ் தேய்த்து, "எங்க தாத்தா காலத்துது" என்று கண்ணில் தண்ணீர் வர விற்கிறார்கள். விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் எங்கோ மயிரிழை விரிசல். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். மெருகு உரிந்திருந்தால் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டும்.

இதுவரை நாலு சேர்ந்துவிட்டது. ஒன்று, மூடிப்போன மருந்துக்கடையிலிருந்து. தக்கை மூடி அப்படியே இருக்கிறது. இரண்டு, அச்சகத்தில் மை வைத்திருந்தவை. நாலாவது ஒரு மாணவர் விடுதிச் சமையல்கட்டிலிருந்து; கயிறு கட்டிக் கட்டிக் கழுத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. பெரிய ஜாடி இன்னும் கிடைக்கவில்லை. பொறு.

கதை கேட்டாய். கதை இல்லாத சாமான் என் கடையில் நகராது. போன மாதம் ஒரு சாதாரணக் கண்ணாடியை, "இதைப் பார்த்துத்தான் ஒரு பாடகி தலை வாருவாள்" என்று சொல்லி விற்றேன். வாங்கினவர் கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார். பொய் என்று சொல்லாதே. கொஞ்சம் இழுத்துச் சொல்வது, அவ்வளவுதான்.

மாத்திரையை நிறுத்தாதே. உன் வீட்டுக்காரரை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா

•

மார்ச் 8

என் செல்ல வாலுக்கு,

ஐந்தும் லாரியில் வருகின்றன. வைக்கோல் சுற்றி மரப்பெட்டியில் வைத்து, தச்சரே ஆணி அடித்தார். திறக்கும்போது உன் வீட்டுக்காரரை விட்டுத் திறக்கச் சொல். நீ அவசரப்பட்டு உடைத்துவிடுவாய்.

பெரிய ஜாடியைப் பார்த்தால் மயங்கிப் போவாய். இடுப்பு உயரம், யானைக் கால் மாதிரி அடி. தோளில் ஓர் அன்னப்பறவை முத்திரை. ஒரு பெரிய குடும்பத்து வீட்டை இடிக்கும்போது சமையலறை மூலையில் இருந்தது. எழுபது வருஷம் அதில் கல் உப்பைத் தவிர வேறு எதுவும் போட்டதில்லையாம். அந்த வீட்டு மருமகள்கள் எல்லாரும் வந்த அன்றைக்கு அதிலிருந்துதான் முதல் பிடி உப்பு எடுத்தார்களாம். உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. நானே மூன்று தடவை தேய்த்துக் கழுவியிருக்கிறேன்.

பல் டாக்டர் மனைவியிடம் இதைச் சொல். வயிறு எரியட்டும்.

இது என் பரிசு. விலை கிலை என்று பேச்செடுத்தால் பெட்டியோடு திருப்பி எடுத்துக்கொள்வேன்.

உன் அக்கா

•

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

வந்துவிட்டது! ஒன்றுகூட உடையவில்லை. நாலையும் பலகையில் வைத்தேன். பதினைந்து தடவை இடம் மாற்றினேன். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து ஜாடிகள் மேல் படும்போது கூடமே வேறு யாருடையதோ பெரிய வீடு மாதிரி இருக்கிறது. பல் டாக்டர் மனைவியைக் காப்பிக்குக் கூப்பிட்டேன். பெரிய ஜாடியின் கதையைச் சொன்னதும் அவள் கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டாள். அக்கா, நீ வாழ்க.

பெரியது பலகையில் உட்காரவில்லை. கூடத்தில் தரையில் வைத்தால் கால் இடறுகிறது. என்ன செய்யலாம் என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அவர் அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு சமையலறை மூலைக்குப் போய்விட்டார். "எழுபது வருஷம் உப்பு இருந்த ஜாடி. வேற எதைப் போட்டாலும் அதுக்குக் கோபம் வரும்" என்றார். கடைக்குப் போய் ஒரு மூட்டை கல் உப்பு வாங்கி வந்து கவிழ்த்துவிட்டார். வீட்டில் உப்பு தின்கிறவர் அவர் ஒருத்தர். அதற்கு ஒரு மூட்டை! ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் போட அவரே போய்க் கிள்ளிக்கொண்டு வருகிறார். இந்த உப்புக்கு ருசியே தனி என்கிறார். எனக்கு எப்படித் தெரியும்?

உன் அன்புத் தங்கை

•

ஏப்ரல் 2

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. உடனே எழுதுகிறேன்.

பெரிய ஜாடியைச் சமையலறையில் வைக்காதே. ஷோவுக்கு வைக்கிற பொருளை யாராவது புழங்குவார்களா? உப்பு பட்டால் உள்மெருகு போய்விடும், விரிசல் விடும், அப்புறம் அதற்கு மதிப்பே இல்லை. உப்பைக் கொட்டிவிட்டு வாசல் பக்கம் வை. குடை வைக்கலாம். காய்ந்த பூங்கொத்து வைக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் வைக்கிறார்கள்.

மறக்காதே. மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு.

உன் அக்கா

•

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

உப்பைக் கொட்டச் சொல்லி எழுதியிருந்தாய். அவரிடம் படித்துக் காட்டினேன். "எழுபது வருஷம் கெடாத மெருகு என் ஒரு மூட்டையில கெட்டுடுமா? உங்க அக்காவுக்கு ஜாடி மேலதான் பாசம், மாப்பிள்ளை மேல இல்ல" என்று சிரித்தார். நானும் விட்டுவிட்டேன். குடையாம், குடை! நீ கொடுத்ததில் எனக்கு உபயோகமானது அது ஒன்றுதான்.

அவருக்குத்தான் ஒரு மாதமாக உடம்பு நன்றாக இல்லை. முதலில் வயிறு. வெளியே எங்கோ தின்றிருப்பார் என்று நினைத்தேன். நின்றது, மறுபடி வந்தது. இப்போது உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். போன வாரம் கம்பெனியில் துணி வெட்டும்போது கத்திரிக்கோல் கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. அவர் என்னிடம் சொல்லவில்லை. கூட வேலை செய்கிறவர் சொன்னார். கேட்டால், "கத்திரிக்கோலுக்கும் வயசாகுது" என்கிறார். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மழை ஆரம்பித்துவிட்டது. சுவரெல்லாம் ஈரம். கூடத்துக்கு நல்ல கனமான தரைவிரிப்பு ஒன்று கிடைத்தால் பார். அடர் சிவப்பு.

உன் அன்புத் தங்கை

•

மே 20

அன்புள்ள தங்கைக்கு,

தரைவிரிப்பு பார்க்கிறேன்.

அந்தப் பெரிய ஜாடியை எனக்குத் திருப்பி அனுப்பிவிடு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் அன்னப்பறவை முத்திரை போட்டது வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். அதற்குப் பதில் உனக்கு இரண்டாக அனுப்புகிறேன். இந்த வாரமே அனுப்பு. உள்ளே இருக்கும் உப்பை வேறு பாத்திரத்தில் மாற்றாதே, கொட்டிவிடு. பழைய ஜாடி உப்பில் மண் கலந்திருக்கும்.

அவரை நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டு. சத்து மாத்திரையில் நின்றுவிடாதே.

உன் அக்கா

•

ஜூன் 19

அக்காவுக்கு,

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் உனக்கு எப்போது வந்தது? பரிசு என்று எழுதிவிட்டு, அதிகம் தருகிறவன் வந்ததும் அனுப்பு என்கிறாய். உன் கடிதத்தை அவரிடம் காட்டவே இல்லை. ஜாடி எங்கேயும் வராது. அது அவர் ஆசைப்பட்டு வைத்தது.

நான் கோபமாக எழுதுவதற்கு நீ மட்டும் காரணம் இல்லை. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்து நாள் ஆகிறது. நடக்க முடியவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். கை நகத்தில் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடு. உள்ளங்கைத் தோல் தடித்து உரிகிறது. தலைமுடி தலையணையில் கிடக்கிறது. என்ன நோய் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு டாக்டர் நரம்பு என்கிறார், இன்னொருவர் ஈரல் என்கிறார்.

நேற்று வார்டு வாசலில், எல்லாரும் பார்க்க, நாத்தனார் என்னைக் கேட்டாள்: "ஒரே அடுப்புல சமைக்கிற, ஒரே வீட்டுல சாப்பிடற. அவன் இப்படிக் கிடக்கறான். உனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?"

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"நான் எதுவும் சொல்லல. கேக்கறேன்."

பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அக்கா, எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? நானும் அதையேதான் யோசிக்கிறேன். எனக்கே வந்திருக்கக் கூடாதா?

ஒன்று மட்டும் ஆறுதல். ஆஸ்பத்திரிக்கு வந்தபின் வாந்தி நின்றிருக்கிறது. கொஞ்சம் முகம் தெளிந்திருக்கிறது.

உன் தங்கை

•

ஜூன் 26

அன்புள்ள தங்கைக்கு,

ஆஸ்பத்திரிச் சாப்பாடே கொடு. வீட்டிலிருந்து எதுவும் கொண்டு போகாதே. வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொன்னாலும் அவசரப்பட்டு அழைத்துப் போகாதே. நன்றாகக் குணமாகட்டும்.

ஜாடியை நீ அனுப்பாவிட்டால் போகட்டும். உடைத்துப் போட்டுவிடு. அது எனக்கு ராசியில்லாத ஜாடி. அவ்வளவுதான், வேறொன்றும் கேட்காதே.

நான் வர வேண்டும் என்று நினைக்கிறேன். கடையை விட்டு எப்படி வருவது என்று தெரியவில்லை.

அக்கா

•

ஜூலை 23

அக்கா,

அவர் போய்விட்டார். ஜூலை 16, காலை பத்தரை மணிக்கு. உனக்குத் தந்தி அடித்தேன். நீ வரவில்லை. உனக்கு வந்து சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

ஜூலை 5 வீட்டுக்கு அனுப்பினார்கள். நன்றாக இருக்கிறார், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கையைப் பிடித்துக்கொண்டு கூடம்வரை நடந்தார். ஜாடிகளைப் பார்த்து, "தூசி படிஞ்சிருக்கு" என்றார்.

நாத்தனார் என்னைச் சமையலறைக்குள் விடவில்லை. "என் தம்பிக்கு நான் ஆக்கிப் போடறேன். நீ ஒண்ணும் தொட வேண்டாம்" என்றாள். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. காலையிலேயே வந்து கஞ்சி வைத்து, அவளே ஊட்டிவிட்டுப் போவாள். மழையில் ஜாடி உப்பு கசிந்து அடியில் தண்ணீராகத் தேங்கியிருந்தது. அதைக்கூட வீணாக்காமல், உப்பை ஒதுக்கி நீளக் கரண்டியால் மொண்டு கஞ்சியில் ஊற்றினாள். சிக்கனக்காரி. பத்தே நாள். முன்பு வந்ததெல்லாம் பத்து மடங்காகத் திரும்பி வந்தது.

நகத்தையும் முடியையும் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். பாஷாணம் என்று வந்திருக்கிறது. யாரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்கிறார்கள்.

யாரோ என்றால் யார், அக்கா? வீட்டில் நாங்கள் இரண்டு பேர். தினமும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள். காலையில் போனால் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். வீட்டில் இருந்த மருந்து பாட்டில், எலி மருந்து, என் மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துப்போய்விட்டார்கள். "புருஷனுக்கும் உங்களுக்கும் தகராறு உண்டா?" என்று கேட்கிறார்கள். வீட்டுக்கு என்ன திரை போடுவது என்பதில்தான் எங்களுக்குத் தகராறே வந்திருக்கிறது. அதைச் சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள்.

தெருவில் யாரும் முகம் கொடுப்பதில்லை. எனக்கென்று நீ ஒருத்திதான் இருக்கிறாய். கடையைப் பூட்டிவிட்டு வா. வந்து என் பக்கத்தில் அந்தப் பெஞ்சில் உட்கார். அது போதும்.

•

ஜூலை 30

தங்கைக்கு,

இதைப் படித்து முடித்ததும் நேராக ஸ்டேஷனுக்குப் போ. இந்தக் கடிதத்தை அப்படியே கொடு. ஒரு வரிகூட மறைக்க வேண்டாம்.

பெரிய ஜாடி எந்தக் குடும்பத்து வீட்டிலிருந்தும் வரவில்லை. மூடிக் கிடந்த ஒரு தோல் ஆலையின் கிடங்கில் எடுத்தேன். தச்சரும் கூட இருந்தார். பூட்டைத் திறந்துவிட்ட காவல்காரர் சொன்னார்: "இதுல தோலுக்குப் போடற பாஷாணம் வச்சிருந்தாங்க. புழங்கறதுக்கு ஆகாதும்மா." அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பார்க்க உப்பு மாதிரியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அந்தக் கதை என் வாயில் வந்தது. மருமகள்கள், முதல் பிடி உப்பு எல்லாம் நான் பெட்டி மேல் உட்கார்ந்து கட்டியது.

தச்சர் ஆணி அடிக்கும்போதே கேட்டார். "ஏம்மா, அந்த ஜாடியையா தங்கச்சிக்கு அனுப்பறீங்க?"

"அலங்காரத்துக்குத்தானே. மூணு தடவை கழுவியாச்சு."

"என்ன இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க."

"எழுதினா அவ வேண்டாம்னுடுவா. அவ்வளவு அழகான ஜாடி வேற எங்க கிடைக்கும்?"

இதுதான் நடந்தது. உள்ளே மெருகு உரிந்திருந்தது. கையை விட்டபோது எனக்குத் தெரிந்தது.

மார்ச்சில் நான் செய்தது புத்தி கெட்ட வேலை. ஏப்ரலில் செய்தது அது இல்லை. உப்பு போட்டுவிட்டார் என்று நீ எழுதியதைப் படித்ததும் எழுந்து போன் பக்கம் போனேன். உங்கள் தெரு முனை மருந்துக்கடையின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஒரு போன் செய்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ரிசீவரைக் கையில் எடுத்தேன். பொய் சொல்லிவிட்டேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தது. இங்கே மற்றக் கடைக்காரர்கள் காதில் விழுந்தால் இனி என்னிடம் யார் வாங்குவார்கள் என்றும் இருந்தது. கீழே வைத்துவிட்டுக் குடை வை என்று எழுதினேன். சொன்னால் கேட்பாய், மாற்றிவிடுவாய் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

மே மாதம் காலில் எறும்பு ஊர்கிறது என்று எழுதினாய். அப்போதும் வெளிநாட்டுக்காரன் என்று ஒரு கதைதான் என் கைக்கு வந்தது. அதற்குள் உண்மை ரொம்பப் பெரிசாகிவிட்டது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாயே. ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்விக்கு ஒரு நாள் கூடிக்கொண்டே போயிற்று.

ஆஸ்பத்திரியில் தெளிந்தார் என்று நீ எழுதியபோது, தப்பித்தேன் என்று நினைத்தேன். உன் புருஷன் பிழைத்தார் என்று நினைக்கவில்லை. நான் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

தந்தி வந்தது. தச்சர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். படித்துவிட்டு, "ஜாடியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். உளி, இழைப்புளி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இன்னும் வரவில்லை.

உன் நாத்தனாரிடம் எதுவும் சொல்லாதே. அவள் தாங்கமாட்டாள்.

நீ கூப்பிட்டால் வருகிறேன். போலீஸ் கூப்பிட்டாலும் வருகிறேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது. ஒரு வரியாவது எழுது.

அக்கா

•

ஆகஸ்ட் 17

உன் கடிதத்தை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டேன். உன் பழைய கடிதங்களையும் சேர்த்துக் கேட்டார், கொடுத்தேன். ஜாடியைத் துணி சுற்றி இரண்டு பேர் தூக்கிப்போனார்கள். சோதனை முடிந்துவிட்டது. இனிமேல் என்னைக் கூப்பிட மாட்டார்களாம். உன்னைக் கூப்பிடுவார்கள்.

"உங்க அக்காவுக்கு விஷயம் எப்பத் தெரிஞ்சுதும்மா?" என்று கேட்டார். ஏப்ரல் 2 கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். பிறகு சுவரில் இருந்த நாட்காட்டியைப் புரட்டி, ஜூலை 16 வரை விரலால் எண்ணினார். நூற்றைந்து நாள் என்று எழுதிக்கொண்டார். எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இத்தனை நாளில் அந்த ஸ்டேஷனில் எனக்கு யாரும் தண்ணீர் கொடுத்ததில்லை.

நாத்தனாரிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சோதனை முடிவு வந்த அன்று அவளே வந்துவிட்டாள். வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஜாடியிலதான் இருந்துச்சாமே. நான் கஞ்சிக்கு ஊத்தினது அந்தத் தண்ணிதானா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிடலாம். அதற்கு முன்பே முடிந்துபோயிற்று அண்ணி, உங்களால் இல்லை என்று சொல்லலாம். அவளுக்கு என்ன தெரியும்? நம்பிவிடுவாள். வாய்வரை வந்துவிட்டது. நீ எனக்கு நாலு மாதம் இதைத்தானே செய்தாய்.

"ஆமா அண்ணி, அதுதான். உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது" என்றேன்.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம், "நல்லா இருக்குக்கா, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேட்டான்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். என் மடியில் தலையை வைத்து அவள் அழுதாள். என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். அவளைத் தனியாக விட எனக்குப் பயம். என்னைத் தனியாக விட அவளுக்கும் பயம் என்று நினைக்கிறேன். சமைக்க மாட்டேன் என்கிறாள். அடுப்புப் பக்கமே போவதில்லை. நான் சமைத்து வைத்தால், நான் முதல் வாய் சாப்பிடும்வரை தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்மேல் சந்தேகம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் பார்க்கிறாள்.

மற்ற நாலு ஜாடியையும் போலீஸ் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தது. நான் வாங்கிக்கொள்ளவில்லை.

நீ வர வேண்டாம். எழுதவும் வேண்டாம். எழுதினால் திறக்க மாட்டேன். திட்டி எழுதச் சொன்னாய். அதற்கு உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை வரவில்லை. அவர் இருந்திருந்தால் ஏதாவது கேலியாகச் சொல்லி என்னைப் பேசவைத்திருப்பார்.

அண்ணி பத்து நாளாக வெளியே போகவில்லை. இன்று காலை முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்து நிற்கிறாள். "குடு, நான் போய்த் தபால்ல போட்டுட்டு வரேன்" என்கிறாள். இதோ, ஒட்டிக் கொடுக்கப் போகிறேன்.